காதுக்குத் துணை, வாழ்வுக்குத் தொழில்



பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியானதும் நம் இல்லங்களில் எழும் பேச்சு பெரும்பாலும் இரண்டு சொற்களுக்குள் அடங்கி விடுகிறது. ஒன்று டாக்டர், மற்றொன்று இஞ்சினியர். இவ்விரண்டும் கைகூடாதவிடத்து, "பாஸ்போர்ட் எடுத்து வை, மாமா விசா அனுப்புவார்" என்னும் மூன்றாவது வழி ஆயத்தமாக இருக்கிறது. இவற்றுக்கு இடையே நம் கண்ணில் படாமலே கிடக்கும் நல்ல தொழில்கள் பல. அவற்றுள் ஒன்றை இம்மாதம் தங்கள் முன் வைக்க விழைகிறோம்.

காது கேளாதோரின் செவித்திறனை அளந்தறிந்து, அவருக்குத் தக்க கருவியைத் தேர்ந்து, அதனை அவரது காதுக்கு ஏற்பப் பொருத்தி, அதன்பின் அவர் பேச்சைப் புரிந்துகொள்ளும் வரை உடன் நிற்கும் செவித்திறன் வல்லுநர் தொழிலே அது. ஆங்கிலப் பெயரால் ஆடியாலஜிஸ்ட் என்று வழங்குவர்.

"காது மெஷின் விற்பவர்தானே?" என்று சிலர் கேட்கக்கூடும். மருந்துக் கடைக்காரரும் மருத்துவரும் ஒருவரல்லர் என்பதை நாம் அறிவோம். அதே வேறுபாடு இங்கும் உண்டு. அந்த வேறுபாட்டை அறியாமல் ஏமாறுவோரும், அதனை மறந்து வேலையில் சேர்ந்து மனம் வருந்துவோரும் இருப்பதனால்தான் இக்கட்டுரை சற்று விரிவாக அமைகிறது.

தேவை எத்தகையது?

உலக சுகாதார நிறுவனம் 2021ஆம் ஆண்டு வெளியிட்ட செவித்திறன் பற்றிய உலக அறிக்கையின்படி, மருத்துவ உதவியோ கருவியோ பயிற்சியோ தேவைப்படும் அளவுக்குச் செவித்திறன் குறைந்தோர் உலகில் 43 கோடிப் பேர். 2050ஆம் ஆண்டளவில் இத்தொகை 70 கோடியைத் தாண்டும் என்று அவ்வறிக்கை மதிப்பிடுகிறது. நம் நாட்டில் 2011ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்போது, தமக்குச் செவிக்குறை உண்டென்று பதிவு செய்தோர் மட்டும் சுமார் 50 லட்சம். "வயதானால் அப்படித்தான்" என்று வீட்டார் விட்டுவிட்ட முதியோர் பலர் இக்கணக்கில் சேர்ந்திருக்க வாய்ப்பில்லை.

தங்கள் வீட்டிலேயே எண்ணிப் பாருங்கள். பள்ளிவாசலுக்கு அருகிலேயே குடியிருந்தும் பாங்கொலி காதில் விழாத பாட்டனார் இருக்கிறாரா? நாலு பேர் கூடிச் சிரிக்கும்போது, என்ன பேசுகிறார்கள் என்று புரியாமல் தாமும் ஒப்புக்குச் சிரித்துவிட்டு எழுந்து போகும் பெத்தம்மா இருக்கிறாரா? காது குறைந்தவரை நாம் பிடிவாதக்காரர் என்கிறோம். ஞாபக மறதிக்காரர் என்கிறோம். உண்மையில் அவர் காதில் பேச்சு முழுமையாக விழவில்லை. குறிப்பாக, முதுமையில் மெல்லிய ஒலிகளையும் கீச்சொலிகளையும் பற்றும் திறன் முதலில் குறைவதால், குரல் கேட்கும், சொல் விளங்காது. உரக்கக் கத்துவதனால் இக்குறை தீருவதில்லை.

குழந்தைகளின் நிலை இதனினும் கவலைக்குரியது. பேச்சைக் கேட்டுக் கேட்டே குழந்தை மொழியைக் கற்கிறது. முதல் சில ஆண்டுகளில் மூளை மொழியை ஏற்பதற்கு இயல்பாகவே ஆயத்தமாக உள்ளது. அந்தப் பருவம் கடந்தபின் எத்தனை விலையுயர்ந்த கருவி வாங்கினும் முழுப் பயன் கிடைப்பது அரிது. எனவேதான் பிறந்த ஒரு மாதத்துக்குள் முதற்கட்டச் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதியான முடிவு, ஆறு மாதத்துக்குள் சிகிச்சை அல்லது கருவி என்னும் கால அளவை வல்லுநர்கள் வகுத்துள்ளனர். நம் வீடுகளிலோ, "அவன் வாப்பாவும் நாலு வயதில்தான் பேசினார்" என்று ஆறுதல் சொல்லியே அந்தப் பொன்னான காலத்தைக் கழித்து விடுகிறோம்.

உறவுக்குள் மணம் முடிக்கும் வழக்கம் நம்மிடையே பரவலாக உள்ளது. பிறவிக் காது கேளாமைக்குக் காரணமான ஒரே மரபணுக் குறை தாயிடமும் தந்தையிடமும் வெளித்தெரியாமல் மறைந்திருக்குமாயின், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் அக்குறை வெளிப்பட நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. நெருங்கிய உறவினரிடையே ஒரே குறை இருக்கும் சாத்தியம் கூடுதல் என்பதே இதன் அடிப்படை. உறவில் மணந்தோர் அனைவரும் அஞ்ச வேண்டும் என்பதற்காக இதனைக் கூறவில்லை. அத்தகைய வீடுகளில் பிறக்கும் குழந்தையின் செவியைத் தவறாது சோதிக்க வேண்டும் என்பதற்காகவே கூறுகிறோம். பேறுகாலத்தில் தாய்க்கு வரும் ருபெல்லா அம்மை, பிறந்தவுடன் ஏற்படும் கடும் மஞ்சள் காமாலை, குறைந்த எடை, மூளைக்காய்ச்சல், செவி நரம்பைத் தாக்கும் சில மருந்துகள் ஆகியனவும் காரணங்களாகும்.

இவ்வளவு தேவை இருந்தும், முறையாகப் பயின்ற வல்லுநர்கள் பெருநகரங்களிலேயே குவிந்து கிடக்கின்றனர். கீழக்கரையிலோ வாணியம்பாடியிலோ இருக்கும் ஒரு தாய், பச்சிளங் குழந்தையைத் தூக்கிக்கொண்டு சென்னைக்கோ மதுரைக்கோ வேலூருக்கோ செல்லும் நிலையே பெரிதும் நீடிக்கிறது.

பணி யாது?

வந்தவரின் காதை உட்புறம் நோக்கி, அடைப்போ சீழோ இருப்பின் காது மூக்குத் தொண்டை மருத்துவரிடம் அனுப்புவது முதற்பணி. பின்னர் ஒலிபுகா அறையில் அமர்த்தி, 250 முதல் 8000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிகளை ஒவ்வொரு காதிலும் தனித்தனியே செலுத்தி, எந்த அளவில் கேட்கிறது என்று வரைபடமாகக் குறிப்பர். இதுவே ஆடியோகிராம். சொல்லத் தெரியாத கைக்குழந்தைக்கு, அது உறங்கும் வேளையில் தலையில் சிறு மின்முனைகளை ஒட்டி, ஒலிக்கு நரம்பு தரும் மறுமொழியை அளக்கும் பெரா என்னும் சோதனை உண்டு.

கருவி தேவையெனில், காதினுள் மெழுகு போன்ற குழைவுப் பொருளைச் செலுத்தி அச்சு எடுக்க வேண்டும். அச்சு சரியில்லாவிடில் கருவி கீச்சென்று ஊளையிடும். காதில் புண்ணும் வரும். 1990களின் பிற்பகுதியில் டிஜிட்டல் கருவிகள் சந்தைக்கு வந்த பின், ஒவ்வொருவரின் ஆடியோகிராமுக்கு ஏற்பக் கருவியைக் கணினி மூலம் அமைக்கும் வேலையும் சேர்ந்தது. ஒருவருக்கு அமைத்த கருவியை மற்றவர் அப்படியே அணிவது, பிறர் கண்ணாடியை வாங்கி அணிவது போன்றதே.

கருவி அணிந்த முதல் நாள் மின்விசிறி இரைச்சலும் பாத்திர ஓசையும் பேரிடியாகக் கேட்கும். "இது வேண்டாம்" என்று கழற்றி அலமாரியில் வைத்துவிடுவோர் பலர். அந்தக் கட்டத்தில் பொறுமையோடு பேசி, ஒலியளவைச் சிறிது சிறிதாக மாற்றி, பேட்டரி மாற்றவும் ஈரம் படாமல் காக்கவும் கற்பித்து, மீண்டும் மீண்டும் வரவழைத்துப் பழக்குவதில்தான் வல்லுநரின் திறமை விளங்குகிறது.

படிப்பும் பதிவும்

இத்தொழிலுக்கான அடிப்படைப் பட்டம் பி.ஏ.எஸ்.எல்.பி. என்பதாகும். செவித்திறனும் பேச்சு மொழிச் சிகிச்சையும் இணைந்த இப்படிப்பு, ஓராண்டு நேர்முகப் பயிற்சியையும் சேர்த்து 4 ஆண்டுகள். பன்னிரண்டாம் வகுப்பில் அறிவியல் பாடம் எடுத்தோர் சேரலாம். அதன்பின் 2 ஆண்டு எம்.எஸ்ஸி. படித்துச் செவித்திறனிலோ பேச்சு மொழியிலோ தனித்தேர்ச்சி பெறலாம்.

மத்திய அரசின் கீழ் 1965ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற மைசூர் அகில இந்தியப் பேச்சு மற்றும் செவித்திறன் நிறுவனம் இத்துறையில் தலையாயது. மும்பை பாந்திராவில் 1983ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற தேசிய நிறுவனம் அலி யாவர் ஜங் அவர்களின் பெயரைத் தாங்கி நிற்கிறது. உஸ்மானியா, அலிகர் முஸ்லிம் ஆகிய இரு பல்கலைக்கழகங்களின் துணைவேந்தராகவும் பின்னர் மகாராஷ்டிர ஆளுநராகவும் விளங்கியவர் அவர். சென்னையில் போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா, மெர்ஃப் ஆகிய நிறுவனங்களிலும், புதுச்சேரி ஜிப்மரிலும் இப்படிப்பு உண்டு. சேர்க்கை விதிகளும் நுழைவுத் தேர்வு முறையும் கட்டணமும் நிறுவனத்துக்கு நிறுவனம், ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால், அவ்வவ்வாண்டு அறிவிப்பைப் பார்த்தே விண்ணப்பிக்க வேண்டும். அரசு நிறுவனத்தில் இடம் கிடைத்தால் செலவு மிகக் குறைவு என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

எந்தக் கல்லூரியில் சேருமுன்பும் ஒன்றை உறுதி செய்து கொள்ள வேண்டும். அப்படிப்புக்கு இந்திய மறுவாழ்வு மன்றத்தின் ஒப்புதல் உண்டா என்பதே அது. ஆர்.சி.ஐ. எனப்படும் இம்மன்றம் 1992ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்தது. இதன் பதிவேட்டில் பெயர் இடம் பெற்றவரே செவித்திறன் வல்லுநராகத் தொழில் நடத்தலாம். பதிவின்றித் தொழில் செய்வோருக்கு ஓராண்டு வரை சிறையோ, 1000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்க அச்சட்டம் இடம் தருகிறது. ஒப்புதல் இல்லாத நிறுவனத்தில் நான்காண்டும் பணமும் செலவிட்டபின் பதிவு எண் கிடைக்காமல் தவிப்பதைவிட, முதலிலேயே மன்றத்தின் பட்டியலைப் பார்த்துவிடுவது அறிவுடைமை.

வேலை எங்கே?

காது மூக்குத் தொண்டை மருத்துவமனைகள், பெரிய பொது மருத்துவமனைகள், காக்ளியர் இம்ப்ளான்ட் அறுவை நடைபெறும் மையங்கள், காது கேளாதோர் பள்ளிகள், கருவி விற்பனை நிலையங்கள், கருவி உற்பத்தி நிறுவனங்கள் எனப் பல வாயில்கள் உள்ளன. அரசுத் துறையில், 2013ஆம் ஆண்டு தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் கீழ் அமைந்த மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையங்களில் இவர்களுக்குப் பணியிடங்கள் உண்டு. இவை பெரும்பாலும் ஒப்பந்தப் பணிகள். மாவட்ட நலவாழ்வுச் சங்கங்கள் அவ்வப்போது அறிவிக்கும். நாளிதழ் விளம்பரத்தை மட்டும் நம்பியிராமல் மாவட்ட இணையதளங்களைத் தொடர்ந்து பார்க்க வேண்டும்.

புதிதாகப் பட்டம் பெற்றவருக்கு எளிதில் கிடைப்பது கருவி விற்பனை நிலைய வேலையே. ஊதியமும் தொடக்கத்திலேயே மருத்துவமனையைவிடக் கவர்ச்சியாகத் தோன்றலாம். ஆயின் சேருமுன் கீழ்க்காணும் கேள்விகளைக் கூச்சமின்றிக் கேளுங்கள்.

ஒன்று: முறையான ஒலிபுகா அறை உண்டா? சோதனைக் கருவியின் அளவு ஆண்டுதோறும் சரிபார்க்கப்படுகிறதா? இரைச்சல் நிறைந்த அறையில் எடுத்த ஆடியோகிராம் இல்லாத குறையை இருப்பதாகக் காட்டும்.

இரண்டு: ஊதியம் நிலையானதா, விற்பனைக்குத் தக்கதா? மாதம் இத்தனை கருவி விற்றே தீர வேண்டும் என்னும் இலக்கு உண்டா? ஊக்கத்தொகை பெறுவது தவறன்று. ஆயின் ஓய்வூதியத்தில் காலந்தள்ளும் முதியவருக்கு எளிய கருவியே போதும் என்று தாங்கள் அறிந்திருக்க, அதைப்போல் பன்மடங்கு விலையுள்ளதைத் தலையில் கட்டும்படி நிர்வாகம் நெருக்கினால், என்ன செய்வீர்கள்? இதற்குரிய விடையைச் சேருமுன்பே மனத்தில் முடிவு செய்துகொள்ள வேண்டும்.

மூன்று: விற்ற பின் வருவோரைக் கவனிக்க நேரம் ஒதுக்கப்படுகிறதா?

நான்கு: தாங்கள் இல்லாத நாளில் தங்கள் பெயரில் யார் சோதிப்பார்? பதிவுச் சான்றிதழைச் சுவரில் மாட்டிக்கொள்ள மாதந்தோறும் ஒரு தொகை தருகிறோம், வேலைக்கு வரத் தேவையில்லை என்று யாரேனும் சொன்னால் அவ்விடத்தைவிட்டு அகன்று விடுங்கள். பயிற்சி இல்லாதவர் சோதித்து, தங்கள் பெயரால் ஓர் அறிக்கை வெளிவந்து, ஒரு குழந்தையின் குறை கண்டறியப்படாமல் போனால், பொறுப்பு தங்களுடையதே. உழைக்காமல் வரும் அந்தத் தொகை ஒரு குழந்தையின் பேச்சுக்கு விலையாகிவிடக் கூடாது.

நேர்காணலுக்குச் செல்வோர், பயிற்சிக் காலத்தில் தாம் செய்த சோதனைகள், எடுத்த அச்சுகள், பொருத்திய கருவிகள் ஆகியவற்றை நோயாளியின் பெயர் குறிக்காமல் ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்து உடன் கொண்டு செல்லுதல் நலம். மதிப்பெண் பட்டியலைவிட அது பேசும். முதல் இரண்டாண்டுகள் கைக்குழந்தைகளைச் சோதிக்கும் வசதியுள்ள மருத்துவமனையில் குறைந்த ஊதியத்துக்கேனும் பணியாற்றுவது, பின்னாளைய தகுதிக்கு அடித்தளமாகும்.

சொந்த ஊரில் நிலையம் அமைக்க விரும்புவோர் வட்டிக்கு வாங்கி அகலக்கால் வைக்க வேண்டியதில்லை. ஊரிலுள்ள காது மூக்குத் தொண்டை மருத்துவர் ஒருவருடன் பேசி, அவர் மருத்துவமனையில் வாரம் இரண்டு நாள் அமர்ந்து தொடங்கலாம். அண்டை ஊரில் மற்றோரிரு நாள். மக்கள் அறிந்தபின் தனி அறை, தனிக் கருவி என்று வளரலாம். கருவி வாங்கியவருக்கு அருகிலேயே பழுது பார்ப்பவரும் பேட்டரி தருபவரும் இருப்பது பெரும் வசதி. அதுவே சிற்றூர் வல்லுநரின் பலம்.

வளைகுடா நாடுகளிலும் இப்பணிக்கு இடமுண்டு. அங்கே பட்டம் மட்டும் போதாது. சான்றிதழ்கள் மூலநிறுவனத்தில் சரிபார்க்கப்பட்டு, துபாய் எனில் அந்நகரச் சுகாதார ஆணையத்தின் உரிமமும், சவூதி எனில் அந்நாட்டுச் சுகாதாரத் தொழில் ஆணையத்தின் பதிவும் பெற வேண்டும். பணி அனுபவமும் கேட்கப்படும். ஆகவே, "விசா தயார், உரிமம் பிறகு பார்க்கலாம்" என்னும் முகவர் பேச்சை நம்பி முன்பணம் கொடுக்காதீர்கள்.

பெண்களுக்கு ஏற்றதா?

மிகவும் ஏற்றது. இத்துறையில் இன்று பெண்கள் பெருமளவில் உள்ளனர். காதைச் சோதிக்க முக்காட்டை விலக்க நேரும் என்பதனாலேயே சோதனைக்கு வரத் தயங்கும் தாய்மார்கள் நம்மிடையே உண்டு. பெண் வல்லுநர் ஒருவர் ஊரில் இருப்பின் அத்தயக்கம் அகலும். குழந்தைக்குப் பேச்சுப் பயிற்சி அளிப்பதிலும், வீட்டில் எவ்வாறு பேசிப் பழக்குவது என்று தாய்க்குக் கற்பிப்பதிலும் பெண்களின் பங்கு அளவிடற்கரியது. பகல் நேரப் பணி. குடும்பப் பொறுப்பு கூடும்போது நாட்களைக் குறைத்துக்கொள்ளவும் இடமுண்டு. மகளை நான்காண்டு படிக்க வைக்கத் தயங்கும் பெற்றோர் இதனைச் சிந்திக்க வேண்டுகிறோம்.

இரண்டு நினைவூட்டல்கள்

எல்லாக் குறைக்கும் கருவியே தீர்வு என்று கருதிவிடலாகாது. சிலருக்கு மருத்துவமே போதும். சிலருக்குக் கருவி பயன் தராது. அறுவை மூலம் காக்ளியர் கருவி பொருத்த வேண்டும். தமிழ்நாட்டில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் இதற்கு உதவுகிறது. மத்திய அரசின் அடிப் திட்டம் வருமானம் குறைந்தோருக்குக் கருவி வழங்குகிறது. இவ்வுதவிகளை அறிந்து, உரியவரை உரிய இடத்துக்கு அனுப்புவதும் வல்லுநரின் கடமை. கை மொழியால் பேசி, படித்து, முழுமையாக வாழ்வோரும் உள்ளனர். அவர்களைக் குறையுடையோராகப் பார்க்கும் பார்வை இத்தொழிலுக்கு ஆகாது.

மற்றொன்று நம் ஜமாஅத்துகளுக்கு. ஆண்டுக்கொருமுறை கண் சிகிச்சை முகாம் நடத்துகிறோம். காது சோதனை முகாம் எத்தனை ஊர்களில் நடந்தது? மஹல்லாவில் பிறக்கும் குழந்தைகளின் பெயரைப் பதிவு செய்யும்போதே, "காது சோதித்தாயிற்றா?" என்றொரு கேள்வியைச் சேர்த்துக் கொள்ளலாம். ஏழை மாணவர் ஒருவரின் இப்படிப்புக்கு ஊர்ச் செல்வந்தர் உதவி, படித்து முடித்தபின் சில ஆண்டுகள் ஊரிலேயே பணியாற்றும்படி கேட்டுக்கொள்ளலாம். கருவியை இலவசமாக வாங்கிக் கொடுத்துவிட்டு, பேட்டரி வாங்க வழியின்றி அது பெட்டியில் உறங்குமாறு விடாமல், தொடர்ந்து உதவவும் வேண்டும்.

வாசகப் பெற்றோரே! தங்கள் மகனோ மகளோ பொறுமையும் கைநுணுக்கமும் முதியோரிடம் பரிவும் உடையவராயின், இப்பட்டத்தையும் விண்ணப்பப் பட்டியலில் ஒன்றாகச் சேருங்கள். அதற்கு முன், அருகிலுள்ள மருத்துவமனையில் ஒரு வல்லுநரின் பணியை அரை நாளேனும் அவர்கள் நேரில் பார்க்கட்டும். வீட்டிலுள்ள பெரியவரையும் உடன் அழைத்துச் சென்று அவரது காதையும் சோதித்து வந்தால், அன்றைய பயணத்தின் பயன் இரட்டிப்பாகும்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் மற்றொரு படிப்புடன் சந்திப்போம்.